கல்தூண் முனைக் கைகாட்டி

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றார் சார். அதை நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்."

வாசற்படியில் நின்றபடியே அந்தப் பெண்மணி இப்படிச் சொன்னதும், பிழைதிருத்தியின் கையிலிருந்த தேநீர் தட்டில் சிந்தியது. கணவன் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கச் சொல்லி வந்த மனைவிகளை அவர் பார்த்திருக்கிறார். இது தலைகீழாக இருந்தது.

ஒரு நாளேட்டில் முப்பத்தோரு வருடம் மெய்ப்புப் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். அச்சில் ஏறிய வார்த்தையைவிட ஏறாமல் விட்டுப்போன வார்த்தை அவர் கண்ணில் முதலில் படும். அந்தப் பழக்கம் செய்தித்தாளோடு நிற்கவில்லை. ஊரில் யாருக்காவது விஷயம் கோணலாகப் பட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கதவைத் திறப்பவர் பெரும்பாலும் அவருடைய மச்சினன், தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவர். கடையைவிட அத்தானின் வழக்குகளில்தான் அவருக்கு நூல் நன்றாக ஓடும்.

தையற்காரர் ஜன்னல் வழியே வந்தவளை ஏற்கெனவே அளந்து முடித்திருந்தார். சின்ன மோட்டார் சைக்கிள், பழசு. தோட்டத்து ஈர மண்ணில் சைடு ஸ்டாண்ட் புதையாமலிருக்க, பையிலிருந்து பளபளவென்ற புதுத் தகர மூடி ஒன்றை எடுத்து அடியில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"அத்தான், அந்த ஆரஞ்சு மேல்சட்டை ஆம்பளை அளவு," என்று அவர் காதோரம் முணுமுணுத்தார். "தோள்ல ரெண்டு விரல் பிடிச்சுத் தைச்சிருக்கு. கோணல் தையல். நம்ம கடை இல்ல."

"உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு," என்றார் பிழைதிருத்தி.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் மருந்தகத்தில் கம்பவுண்டர். அவரோடு நில அளவை அலுவலகத்துச் சர்வேயர், பல் டாக்டர், அச்சகத்தார் என நாலு பேர், நாலு வண்டி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடிந்த கோட்டைகள் நிற்கும் மலைகளுக்குள் ஓட்டிக்கொண்டு போவார்கள். பெரிய சாலைகளில் போகமாட்டார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் கோட்டைக்குத் தானியம் சுமந்த கோவேறு கழுதைகளுக்காகப் போட்ட சந்துகளில்தான் போவார்கள். இரண்டு பக்கமும் கற்சுவர். எதிரே ஓர் ஆடு வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.

"போன வாரம் அச்சகத்தார் செத்துப்போனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் டீச்சர்.

தெரியும். ஊரே அதிர்ந்து போயிருந்தது. நடு உடைந்த பழைய கல்பாலத்திலிருந்து, வண்டியோடு, வறண்ட ஓடைப் பாறைகளின் மேல் விழுந்திருந்தார்.

"அவங்களுக்கு ஒரு முறை இருக்கு சார். தலையாப் போறது எப்பவும் சர்வேயர். வழி பிரியற இடத்துல, தனக்கு அடுத்து வர்றவரை நிறுத்திட்டுப் போவார். நிக்கறவர் பேரு கைகாட்டி. பின்னாடி வர்றவங்களுக்கு வழியைக் காட்டிட்டு, கடைசியில வால் வந்து சேர்ந்தப்புறம்தான் அவர் கிளம்பணும். வால் எப்பவும் பல் டாக்டர். அன்னைக்குக் கல்தூண் முனையில கைகாட்டியா நின்னவர் என் வீட்டுக்காரர். அங்க இடது பக்கம் திரும்பணும். திரும்பாம நேராப் போனா வண்டிப்பாதை இறங்கி, உடைஞ்ச பாலத்துல கொண்டுபோய் விட்டுடும்."

"அவர் அங்க நிக்கல. அதனால அச்சகத்தார் நேராப் போய் விழுந்துட்டார்னு ஊர்ல பேச்சு," என்றார் பிழைதிருத்தி.

"ஊர் பேசினா பரவாயில்ல சார். அவரே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கார். சுவரோரமாப் போய்ப் படுத்துத் தூங்கிட்டாராம். இருபது வருஷமா மருந்துச் சீட்டை ரெண்டு தடவை படிக்காம ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்காத மனுஷன். தூங்கினாராம்!"

"அவர் அங்க நின்னாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பார்த்தேன். அன்னைக்கு மூச்சுக்கு இழுக்கற மருந்தை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டார். கீழ அச்சகத்தார் வண்டியில செயின் கழண்டு ரிப்பேர் நடக்குது, எவ்வளவு நேரம் நிக்கணுமோ தெரியல, மூச்சு வாங்குதுன்னு தூண்கிட்டேருந்து ஃபோன் பண்ணினார். மலைக்குப் பின்னால தார் ரோடு இருக்கு. அதுல ஏறிப் போய்க் கொடுத்தேன். தூண்ல சாஞ்சு சிலை மாதிரி நின்னுட்டிருந்தார். திரும்பறப்ப சந்து வழியா இறங்கினேன், அது கிட்டக்க. நடுவுல அக்கா கூப்பிட்டா. மர நிழல்ல வண்டியை ஓரங்கட்டிட்டு, ஃபோனை ஹெல்மெட்டுக்குள்ள சொருகிக்கிட்டுப் பேசிட்டிருந்தேன். அப்பதான் அச்சகத்தார் போனார். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், அவர் வண்டி தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் போடும். கை காட்டினேன். ஒரு ஹார்ன் அடிச்சுட்டுப் போனார், பாவம். அதுதான் கடைசி."

தையற்காரர் உச்சுக்கொட்டினார்.

"இதைப் போலீஸ்ல சொன்னியாம்மா?"

"சொன்னேன். பெண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு சிரிச்சாங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க சார். அன்னைக்கு மதியம் பல் டாக்டர் வந்து கேட்டப்ப, 'அச்சகத்தார் வரவே இல்லையே'ன்னு சொன்னவர், சாயந்திரம் ஸ்டேஷன்ல 'நான் இடத்துல இல்ல'ன்னு எழுதிக் கொடுக்கறார். நடுவுல என்ன ஆச்சு?"

பிழைதிருத்தி நிமிர்ந்து பார்த்தார். நல்ல கேள்வி. அவரே கேட்டிருக்க வேண்டியது.

"நாளன்னைக்கு விசாரணை," என்றாள் டீச்சர். "அதுலயும் இதையே சொன்னா அவரை உள்ள வெச்சுடுவாங்க. அச்சகத்தம்மா மருந்தகத்துக்கே வந்து, 'உன் தூக்கம் என் வீட்டையே தின்னுடுச்சு'ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார் சார். அவர் யாரையோ காப்பாத்தறார். அது யாரா இருந்தாலும் எனக்குச் சொல்லணும். மறைக்கமாட்டேன்னு வாக்குக் கொடுங்க."

"மறைக்கமாட்டேன்," என்றார் பிழைதிருத்தி.

அவ்வளவு எளிதாக அவர் வாக்குக் கொடுத்தது அதுவே கடைசி.

அவள் வெளியே போய், மூடியை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டாள். "நல்ல யோசனை," என்றார் வழியனுப்ப வந்த தையற்காரர்.

"அவர் சொல்லிக் கொடுத்தது. பழசு எங்கயோ விழுந்துடுச்சு, இது புதுசு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

காவல் நிலையத்தின் பின்புறம், தகரக் கூரையின் கீழ் அச்சகத்தாரின் வண்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விளக்கு நொறுங்கி, முன் சக்கரம் எட்டுப்போல் வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் தையற்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். ஒரு மனிதன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கவே முடியவில்லை.

பிழைதிருத்தி முன்பக்கத்தைத் தொடவில்லை. கைப்பிடிகளின் முனைகளைத்தான் குனிந்து பார்த்தார். இரண்டு ரப்பர் உறைகளின் ஓரத்திலும் கரும்பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தார்.

"பாசி."

"விழுந்த இடத்துல ஒட்டியிருக்கும், அத்தான்."

"ஓடை வறண்டு வெறும் பாறையா கிடக்கு. அதுவுமில்லாம, விழறவன் ஒரு பக்கமாத்தான் விழுவான் மாப்ளே. ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி தேய்ச்சு அப்பியிருக்கு பாரு."

"வண்டிப்பாதைச் சுவர்ல உரசியிருந்தா?"

"வண்டிப்பாதைன்னா மாட்டு வண்டி போற அகலம். அதுல ஒரே சமயத்துல ரெண்டு பக்கமும் உரசணும்னா, இவர் கை ஆறடி நீளம் இருந்திருக்கணும்."

பல் டாக்டரின் அறையில் நோயாளி யாரும் இல்லை. மனிதர் நாற்காலியில் தானே சாய்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வால் சார். ஞானப்பல் மாதிரி. எல்லாம் முடிஞ்சப்புறம் முளைப்பேன், தொந்தரவு மட்டும் கொடுப்பேன்," என்று தொடங்கியவர் பாதியிலேயே சிரிப்பை இழந்தார். "செயினை மாட்டினப்புறம் அவரை முன்னால போகச் சொன்னேன். கையைக் கழுவி, சாமானை எடுத்து வெச்சுக் கிளம்பப் பத்து நிமிஷம் ஆச்சு. வழியில டீச்சரம்மா எதிரே வந்தாங்க, ஒதுங்கி வழி விட்டேன். கல்தூண் முனைக்குப் போனா கம்பவுண்டர் ஜம்முனு நிக்கறார். 'வரவே இல்லையே'ங்கறார். எனக்கு ஒரு நிமிஷம் முதுகு சில்லிட்டுப் போச்சு. ரெண்டு பக்கமும் சுவர், நடுவுல ஒரே சந்து. அதுக்குள்ள ஒரு மனுஷன் எங்க போவான்?"

"தேடினப்ப யார் எந்தப் பக்கம் போனீங்க?"

"நான் வண்டிப்பாதையில இறங்கினேன். கம்பவுண்டர் வந்த வழியே திரும்பி, மரத்தடிப் பிரிவு வரைக்கும் போய்ப் பார்த்தார். அங்க ஒரு முடுக்கு பிரியும். யாரும் போறதில்ல. அதுவும் கடைசியில பாலத்துக்கு முன்னால வண்டிப்பாதையோட சேர்ந்துடும்."

"அந்தப் பிரிவுல கைகாட்டி நிறுத்தலையா?"

"நேர் வழிக்கு ஆள் எதுக்கு? எங்க விதியைப் பாருங்க." சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். "அச்சகத்தாரே அடிச்சுக் கொடுத்தது. விதியை எழுதினவரும் அவர்தான். மீறவே மாட்டார்."

அட்டையில் மூன்றே வரிகள்.

*கைகாட்டி இல்லாத இடத்தில் நேரே செல்க.*
*கை காட்டி நிற்கும் இடத்தில், அவர் வண்டியின் மூக்கு காட்டும் வழியே செல்க.*
*கண்டேன், செல்கிறேன் என்பதற்கு ஒரு ஹார்ன். வேறெதற்கும் ஹார்ன் கூடாது.*

"ரெண்டாவது வரியில ஒரு பிழை," என்றார் பிழைதிருத்தி பழக்கதோஷத்தில். "கைகாட்டி ஒரே சொல். நடுவுல இடம் விழுந்திருக்கு."

"அதைக் கவனிச்சு அவரே தலையில அடிச்சுக்கிட்டார். அடிச்சு முடிச்சாச்சு, என்ன பண்றது? 'கை காட்டறவன் எவனும் கைகாட்டிதான், விடுங்க'ன்னு சிரிச்சார்."

மூன்றாவது வரியில் பிழைதிருத்தியின் கண் நின்றுவிட்டது. தையற்காரர் இரண்டு முறை "அத்தான்" என்று கூப்பிட்ட பிறகே அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் முகம் காகிதம்போல் வெளுத்திருந்தது.

மரத்தடிப் பிரிவில் வெயில் இலைகளின் ஊடே சல்லடையாக விழுந்துகொண்டிருந்தது. பிரதான சந்து நேரே மேலேறியது. வலது பக்கம், மரத்தின் பின்னால், சுவர்களுக்கு நடுவே ஒரு முடுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. சுவர்களில் அடர்ந்த பாசி. இரண்டு சுவரிலும் இடுப்பு உயரத்தில், கோடு போட்டாற்போல், பாசி வழிக்கப்பட்டிருந்தது.

"அப்ப இதுல போயிருக்கார்!" தையற்காரர் துள்ளினார். "அத்தான், ஆளைப் பிடிச்சுட்டேன். சர்வேயர்! இங்க ஆள் நிறுத்தாம வேணும்னே விட்டவன் அவன்தான். எந்த வழியில போறதுன்னு முந்தின நாள் அச்சகத்தாரோட வாய்த்தகராறு வேற. தைச்சு வெச்ச மாதிரி பொருந்துது!"

"ஆள் இல்லைன்னா நேராப் போகணும். அதுதான் விதி. எழுதினவரே அதை மீறுவாரா? அவர் திரும்பியிருக்கார்னா, இங்க ஆள் இருந்திருக்கணும்."

பிழைதிருத்தி மரத்தடியில் மண்டியிட்டார். அன்று ஈரமாயிருந்து பிறகு காய்ந்து இறுகிய களிமண். அதில் டயர் தடம் ஒன்று முடுக்கின் வாயைப் பார்த்து நின்றிருந்தது. அதன் இடது பக்கத்தில் உள்ளங்கை அளவு வட்டம், விளிம்பு வரை தெளிவாக, முத்திரை குத்தியதுபோல் பதிந்திருந்தது.

தையற்காரரும் குனிந்து பார்த்தார். மெல்ல அவர் வாய் திறந்துகொண்டது. அத்தானின் தோளைப் பற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்தகத்துக்குப் போகலாம் வா," என்றார் பிழைதிருத்தி.

மருந்தகத்தில் கம்பவுண்டர் தனியாக இருந்தார். ஒரு வாரமாக அந்தப் படியில் யாரும் ஏறவில்லை. பிழைதிருத்தி ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூடியை எங்க வெச்சிருக்கீங்க?"

கம்பவுண்டரின் கையிலிருந்த சீசா கண்ணாடி மேடைமேல் உருண்டது. அதை அவர் பிடிக்கவில்லை. தையற்காரர்தான் பாய்ந்து பிடித்தார். கம்பவுண்டர் கீழறையைத் திறந்து, துருப்பிடித்த தகர மூடி ஒன்றை எடுத்து வைத்தார்.

"தேடிக்கிட்டு வந்தப்ப மரத்தடியில கிடந்துது. முடுக்கைப் பார்த்த மாதிரி டயர் தடம். பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அது என் பழைய வண்டி, இப்ப நான் ஓட்டறதும் அதே ரகம்தான். அதை அவளுக்குக் கொடுத்தவன் நான். அந்தச் சந்துல வளைவு ஜாஸ்தி, கண்ணுல படணும்னு என் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகச் சொன்னவனும் நான்." அவர் மூச்சு சீழ்க்கையடித்தது. "பின்னாடியிலேருந்து பார்த்தா அவ நானேதான் சார். சர்வேயருக்கு அடுத்துப் போனவன் நான். அதனால கைகாட்டியா நான்தான் நிக்கணும். அச்சகத்தார் பார்த்தது என்னைத்தான்."

"டீச்சருக்கு இது தெரியாது."

"தெரியவே கூடாது. விதி அவளுக்கு முழுசாத் தெரியாது. எங்க விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நான் ஆறு மாசமோ ஒரு வருஷமோ உள்ள போயிட்டு வந்துடுவேன் சார். அவ இதைத் தெரிஞ்சுக்கிட்டா, தனக்குள்ள போயிடுவா. திரும்ப வரவே மாட்டா." கைகூப்பினார். "அச்சகத்தாருக்கு வாரம் தவறாம சாப்பாடு கட்டிக் கொடுத்தவ சார் அவ. அண்ணேன்னுதான் கூப்பிடுவா."

தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிழைதிருத்தி மூடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்," என்றார் கடைசியில். "ஆனா கேக்காததைச் சொல்லவும் மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

மறுநாள் காலை மரத்தடிப் பிரிவில் எல்லோரும் கூடினார்கள். சர்வேயரும் பல் டாக்டரும் சுவரோரம் நின்றார்கள். அச்சகத்தம்மா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் இருந்தார். கம்பவுண்டர் தலைகுனிந்து நின்றார். டீச்சர் மட்டும், வழக்கில் ஜெயிக்கப்போகிறவள்போல், நிமிர்ந்து நின்றாள். தார் ரோடு வழியாக வந்து, மேலிருந்து நடந்து இறங்கியிருந்தாள்.

பிழைதிருத்தி சுருக்கமாகச் சொன்னார். கைப்பிடிப் பாசியையும், சுவரில் வழித்த கோட்டையும் காட்டினார். "அச்சகத்தார் கல்தூண் முனைக்கு வரவே இல்ல. இங்கேயே முடுக்குல திரும்பிட்டார். அதனால கம்பவுண்டர் தூங்கினாரா, நின்னாராங்கற கேள்விக்கே இடமில்ல. அவர் நின்னது உண்மை. நடந்ததுல அவர் தப்பு துளிகூட இல்ல. நாளைக்கு விசாரணையில இதைச் சொல்லப்போறேன்."

அச்சகத்தம்மா முதன்முறையாகத் தலையை உயர்த்தினார். "அப்ப நான் இவரை ஊர் முன்னால வெச்சுக் கேட்டது..."

"விடுங்கம்மா," என்றார் கம்பவுண்டர் அவசரமாக. "முடிஞ்சுது. எல்லாரும் கிளம்பலாம்."

"நான் இங்க ஆள் நிறுத்தியிருக்கணும்," என்றார் சர்வேயர் தரையைப் பார்த்து. "ஒரு வாரமா இதையேதான் நினைச்சுட்டிருக்கேன். நேர் வழிதானேன்னு விட்டுட்டேன்."

"இருங்க," என்றாள் டீச்சர். கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக் கண்டுபிடித்த குரல். "நேர் வழியில போக வேண்டியவர் ஏன் திரும்பினார்? யாரோ இங்க நின்னு தப்பா வழி காட்டியிருக்காங்க. அவங்களைத்தான் இவர் காப்பாத்தறார். யாரு சார் அது?"

மரத்தில் ஏதோ ஒரு பறவை நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது.

"வா, வீட்டுக்குப் போகலாம்," என்று கம்பவுண்டர் அவள் கையைப் பிடித்தார்.

அவள் உதறினாள். "மறைக்கமாட்டேன்னு வாக்குக் கொடுத்தீங்க சார்."

பிழைதிருத்தி கம்பவுண்டரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைப் படிம்மா."

முதல் வரியை அவள் சத்தமாகப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள். மூன்றாவதைப் படிக்கத் தொடங்கி, "ஒரு ஹார்ன். வேறெதற்கும்..." என்ற இடத்தில் குரல் நின்றது.

"வழியில பார்த்தா ஹார்ன் அடிக்க மாட்டீங்களா?" என்று பல் டாக்டரிடம் கேட்டாள், குழந்தை கேட்பதுபோல். "தெரிஞ்சவங்களுக்கு? சும்மா?"

பல் டாக்டருக்கு எதுவும் தெரியாது. "அச்சகத்தாரா? சொந்தப் பெண்டாட்டி எதிர்ல வந்தாலும் அடிக்க மாட்டார். கைகாட்டிக்கு மட்டும்தான்," என்றார் உண்மையாக.

டீச்சர் திரும்பி மரத்தைப் பார்த்தாள். முடுக்கின் வாயைப் பார்த்தாள். களிமண்ணில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். ஆரஞ்சு மேல்சட்டையின் விளிம்பை அவள் விரல்கள் பற்றிக்கொண்டன. முகத்தில் அழுகை வரவில்லை. எல்லாம் துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது அது.

"நான் இங்கதான் நின்னேன்," என்றாள். "அக்காகிட்ட பேசிட்டிருந்தேன். கை காட்டினேன்."

அச்சகத்தம்மா கல்லிலிருந்து எழுந்தார். "என்ன?"

"எனக்குத்தான் ஹார்ன் அடிச்சார்."

சர்வேயர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பல் டாக்டர், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தவராக, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கம்பவுண்டர் மண்ணில் குந்தி உட்கார்ந்துவிட்டார். "உனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

டீச்சர் அவரைப் பார்த்தாள். "எனக்காக நீங்க தூங்கினவரா ஆனீங்களா?" என்றாள். அதற்கு மேல் அவரிடம் எதுவும் பேசவில்லை. தையற்காரரிடம் திரும்பி, "உங்க அளவு நோட்டுல ஒரு தாள் கிழிச்சுக் கொடுங்க," என்றாள்.

கல்லின்மேல் வைத்து எழுதினாள். எழுதி முடித்துப் பிழைதிருத்தியிடம் நீட்டினாள். "பிழை இருந்தாப் பாருங்க சார்."

அவர் படித்தார். *மரத்தடிப் பிரிவில் என் வண்டியை முடுக்கைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். அச்சகத்தார் வந்தபோது நான் கை காட்டினேன். அவர் ஒரு ஹார்ன் அடித்துவிட்டு அந்த வழியே போனார். என் கணவர் தன் இடத்தைவிட்டு நகரவில்லை.*

"எழுத்துப் பிழை இல்லம்மா. ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கு. 'நான்'ங்கறதுக்கும் 'கை காட்டினேன்'ங்கறதுக்கும் நடுவுல 'தெரியாமல்'னு வரணும்."

"அதை நான் போடக் கூடாது சார்," என்றாள் டீச்சர். "அவங்கதான் போடணும்."

தாள் அச்சகத்தம்மாவின் கைக்குப் போனது. அவர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஹார்னை அழுத்தி அடிச்சாரா, இல்ல லேசா ஒரு தட்டா?"

"லேசா," என்றாள் டீச்சர். "ஒரே தட்டு."

"ஆமா. அப்படித்தான் அடிப்பார்." அச்சகத்தம்மா பேனாவை வாங்கினார். அந்த வார்த்தை வர வேண்டிய இடத்துக்கு மேலே முனை நின்றது. எல்லோரும் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கவில்லை.

தாளை நான்காக மடித்தார். "கம்பவுண்டர் மேல தப்பில்லைன்னு நாளைக்கு நானே என் வாயால சொல்றேன். அவர் தலை நிமிர்ந்து வரட்டும். இந்த ஒரு வார்த்தை..." நிறுத்தி, மூச்சு விட்டார். "விசாரணை எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு," என்றார் பிழைதிருத்தி.

"அதுவரைக்கும் டைம் இருக்கில்ல."

"இருக்கும்மா."

தாளையும் பேனாவையும் சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, கணவர் போன முடுக்குக்குள் நுழைந்து, வழித்த பாசிக் கோட்டில் ஒரு விரலை வைத்தபடி மெதுவாக நடந்தார். அது போகக் கூடாத வழி என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.